துவக்கும் நிலமும் – 9: குழலுக்கும் சன்னத்துக்கும் நடுவே

1619இல் பிலிப் டி ஒலிவேராவின் படை நல்லூரைக் கைப்பற்றியதைச் சென்ற வாரம் பார்த்தோம். அந்தப் படையின் தோளில் இருந்தது திரித்துவக்கு. அது எந்த அளவுக்குக் குறி தவறாமல் சுட்டது? இந்தக் கேள்விக்குச் சரியான விடை கிடைக்க இன்னும் நூற்றிருபது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. விடையைக் கண்டவர் உயிர் நீத்ததோ நமக்கு எதிர்க்கரையில், கடலூரில்.

வாய்வழி மருந்திட்டு இடிக்கும் துவக்கில் ஒரு தொல்லை உண்டு. நாலைந்து வெடி தீர்ந்ததும் குழலின் உள்ளே கரி படிந்துவிடும். குழலுக்குச் சரியான பருமனில் சன்னம் வார்த்தால் அடுத்த தடவை அது உள்ளே இறங்காது. எதிரி ஓடிவரும்போது கம்பியை வைத்து மல்லுக்கட்ட நேரம் ஏது? ஆகவே சன்னத்தைச் சிறிதாக வார்த்தார்கள். 18ஆம் நூற்றாண்டின் பிரித்தானியப் படைத்துவக்கை எடுத்துக்கொள்ளுங்கள்: குழலின் விட்டம் 0.75 அங்குலம், சன்னத்தின் விட்டம் 0.69 அங்குலம். மிஞ்சுவது ஒன்றரை மில்லிமீற்றர் இடைவெளி. மருந்து பற்றியதும் காற்றழுத்தத்தில் ஒரு பங்கு அந்த இடைவெளியால் வீணாகிறது. சன்னமோ குழலின் சுவர்களில் மாறிமாறி மோதிக்கொண்டே வெளியேறுகிறது. கடைசியாக எந்தச் சுவரைத் தொட்டதோ, அதுதான் அதன் போக்கைத் தீர்மானிக்கிறது. நூறு யார் தூரத்தில் ஒரு கூட்டத்தை நோக்கிச் சுடலாம். தனி ஆளைக் குறிவைத்தால் படும் என்று எவரும் உறுதி சொல்ல முடியாது.

பெஞ்சமின் றொபின்ஸ் என்ற ஆங்கிலேயக் கணித அறிஞர் 1742இல் பீரங்கிக் கலையின் புதிய தத்துவங்கள் குறித்து ஒரு நூல் வெளியிட்டார். ஊசலில் தொங்கும் மரப்பலகையில் சன்னத்தைச் சுட்டு, பலகை ஆடும் அளவைக்கொண்டு சன்னத்தின் வேகத்தைக் கணக்கிட்டவர் அவர். அவருடைய இன்னொரு பரிசோதனை எனக்கு அதைவிடப் பெரிதாகத் தோன்றுகிறது. ஒரு துவக்குக் குழலின் நுனியை மூன்று நான்கு பாகை இடப்புறமாக வளைத்தார். எதிரே வரிசையாக மெல்லிய தாள்த்திரைகளைக் கட்டிச் சுட்டார். சன்னம் முதலில் இடப்புறமாகத்தான் போனது. போகப்போகத் திரும்பி, வலப்புறம் விலகியது. வளைந்த குழலின் வலச்சுவரில் உருண்டு வந்ததால் சன்னம் சுழன்றது. அந்தச் சுழற்சி காற்றில் அதனை வலப்பக்கம் தள்ளியது. சுழற்பந்து வீச்சாளர் முறுக்கி விடும் பந்து காற்றிலேயே பக்கம் சாய்வதும் இதே விதியால்தான்.

இதன் பொருள் பெரியது. நேரான குழலிலும் சன்னம் ஏதாவதொரு சுவரில் உரசிச் சுழன்றுகொண்டுதான் வெளியே வருகிறது. எந்தப் பக்கம் சுழலும் என்பதைச் சுடுபவர் அறிய வழியில்லை. அப்படியானால் சுழற்சியை நாமே தீர்மானித்து, சன்னம் போகும் திசையையே அச்சாக வைத்துச் சுழற்ற வேண்டும். குழலின் உட்புறத்தில் புரிபோல வரிப்பள்ளம் வெட்டும் வழக்கம் ஜெர்மன் நாடுகளில் முன்பே இருந்தது. அது ஏன் பலிக்கிறது என்பதை விளக்கி, இந்தத் துவக்கை முதலில் கைக்கொள்ளும் படையே மேலோங்கும் என்று 1747இல் எழுதியவர் றொபின்ஸ். பின்னர் கிழக்கிந்தியக் கம்பனியின் பொறியாளராக வந்து, கடலூர் தேவனாம்பட்டினத்துப் புனித டேவிட் கோட்டையில் 1751 ஜூலையில் காய்ச்சலால் இறந்தார். ஒல்லாந்தர் யாழ்ப்பாணக் கோட்டையில் இருந்த காலம் அது.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் அந்த ஒன்றரை மில்லிமீற்றரை அடைக்கும் முயற்சிதான். நெய் தடவிய துணித்துண்டில் சன்னத்தைச் சுற்றி இறக்கினார்கள். துணி வரிப்பள்ளத்தைப் பற்றிக்கொண்டு சன்னத்தைச் சுழற்றும். 1800இல் பிரித்தானியப் படைக்கு எசக்கியேல் பேக்கர் செய்த ரைபிளுடன், சன்னத்தைத் தட்டி இறக்க ஒரு சிறு மரச்சுத்தியலும் கொடுத்தார்கள். 1849இல் பிரான்சின் மினியே ஒரு வழி கண்டார். சன்னம் உள்ளே இறங்கும்போது தளர்வாக இறங்கும். வெடிக்கும்போது அதன் குழிந்த அடிப்பாகம் விரிந்து பள்ளத்தைக் கவ்வும். இதன்படி வந்ததே 1853ஆம் ஆண்டின் என்பீல்ட். அதன் தோட்டாவில் தடவிய கொழுப்பு 1857இல் வட இந்தியாவில் மூட்டிய தீயை அறிவீர்கள். விற்வர்த் என்பவர் அறுகோணக் குழல் செய்து, என்பீல்டில் 78 அங்குலத்துக்கு ஒன்றாக இருந்த சுற்றை 20 அங்குலத்துக்கு ஒன்றாக்கினார். 1860இல் விம்பிள்டனில் தாங்கியில் பொருத்திய அந்த ரைபிளின் வில்லை விக்ரோறியா மகாராணி இழுக்க, 400 யாருக்கு அப்பால் மையத்திலிருந்து ஒன்றேகால் அங்குலத்தில் சன்னம் பட்டது. அதுவும் வாய்வழி இடிக்கும் துவக்குத்தான்.

நல்ல குழல் மட்டும் போதாது. ஒவ்வொரு வெடிக்கும் மருந்தின் அளவு ஒன்றாயிருக்க வேண்டும், இடிக்கும் அழுத்தம் ஒன்றாயிருக்க வேண்டும், இடையிடையே கரி துடைக்க வேண்டும். மருந்து கூடினால் குறி கூடும் என்பது பிழையான எண்ணம். மாரிக்கால ஈரம் ஏறிய மருந்து ஒரு வெடிக்கு ஒரு விதமாய் எரியும். பற்றுவாயில் தீ காட்டியபின் அது சற்றே தயங்கினாலும் கை அசைந்துவிடும்.

1840களில் இலங்கைக்கு வேட்டைக்கு வந்த சாமுவேல் பேக்கர் (முன்னே சொன்ன பேக்கர் வேறு) 1840இல் பிரிஸ்ரல் நகரக் கிப்ஸிடம் செய்வித்த ரைபிள் 21 இறாத்தல் எடை. குழல் 36 அங்குலம், இரண்டே பள்ளங்கள். அவற்றில் பொருந்துமாறு சன்னத்தைச் சுற்றி ஒரு பட்டி. யானையையும் வீழ்த்தும் வலுவுள்ள கருவி. அக்காலத்தில் யானையைக் கொன்றால் அரசு காசு கொடுத்தது. 1848க்கு முந்திய மூன்று ஆண்டுக்கும் குறைந்த காலத்தில், வட மாகாணத்தின் ஒரு பகுதியில் மட்டும் 3,500 யானைகளுக்கு அப்படிப் பணம் பெறப்பட்டதாக, அப்போது இலங்கையின் குடியேற்றச் செயலாளராக இருந்த எமர்சன் ரெனன்ற் எழுதியிருக்கிறார். அந்த எண்ணிக்கையை என்னால் அமைதியாகக் கடந்துபோக முடியவில்லை.

ஊராரின் கையில் இருந்த இடியன் துவக்குக்கு வரிப்பள்ளம் வரவேயில்லை. ஆனையிறவுக்குத் தெற்கே, வன்னிக் காட்டில் குடாநாட்டாரும் வன்னியாரும் வழவழத்த குழலோடுதான் வேட்டைக்குப் போனார்கள். அந்தக் குழலின் பிழையை வேட்டைக்காரர் தூரத்தைக் குறைத்துச் சரிக்கட்டினார். கோடையில் வற்றிய குளத்தோரம் காற்றின் திசை பார்த்துப் பரண் கட்டி, மிருகம் முப்பது யாருக்குள் வரும்வரை மூச்சடக்கி இருப்பார். ஐயம் இருந்தால் சுடமாட்டார். மறுபடி இடிக்க மிருகம் அவகாசம் தராது.

அதே இடியனைக் காட்டுப்பாதையில் கட்டி, வில்லில் கயிறு பூட்டிவிட்டு வீட்டுக்குப் போனால் அது கட்டுத்துவக்கு. இங்கே குறி பார்க்கும் கண்ணும் இல்லை, சுடாமல் விடும் மனமும் இல்லை. பன்றியின் தோள் உயரத்துக்குக் கட்டியிருப்பதால் மனிதருக்குப் படுவது பெரும்பாலும் முழங்காலிலும் தொடையிலும். விறகுக்குப் போனவர், மாடு தேடிப் போனவர், தன் வயலுக்கே காவல் போனவர் எனக் கால் இழந்தவர்கள் நாடெங்கும் இருக்கிறார்கள். சிறுத்தையும் யானைக்கன்றும் இதில் சாகின்றன. 1916ஆம் ஆண்டின் சுடுகருவிகள் கட்டளைச் சட்டம் இன்றும் நடைமுறையில் இருக்கிறது. ஆனாலும் ஒரே இரவில் பன்றி உழுதுவிட்டுப் போன மரவள்ளித் தோட்டத்தைக் காலையில் பார்க்கும் கமக்காரருக்குச் சட்டத்தை மட்டும் காட்டினால் போதாது. வேலிக்கு மானியமும் அழிந்த பயிருக்கு உரிய நட்டஈடும் அந்தப் பருவம் முடியுமுன் அவர் கைக்கு வரவேண்டும்.

அடுத்த வாரம்: ஊர்காவற்துறையில் கப்பலேறிய யானைகள்.

(தொடரும்)