நாம் விரும்பிப் பார்த்த மூன்று தொடர்கள்

வங்கி அலுவலர்கள் வீடு திரும்பிய பின்னும் கணக்குகளையே நினைத்துக்கொண்டிருப்பார்கள் என்று எண்ணும் வாடிக்கையாளர்கள் உண்டு. உண்மை அதுவன்று. எல்லோரையும் போல நாமும் இரவு உணவுக்குப் பின் தொலைக்காட்சியின் முன் அமர்பவர்களே. நாற்பதுகளில் இருக்கும் நமக்கு, தூர்தர்ஷன் ஒன்றையே நம்பியிருந்த காலமும் நினைவிருக்கிறது. விரும்பியதை விரும்பிய நேரத்தில் கைப்பேசியில் பார்க்கும் காலமும் வாய்த்திருக்கிறது. இவ்விரு காலங்களிலும் மனத்தில் தங்கிவிட்ட மூன்று தொடர்களைப் பற்றி இங்கே பகிர்ந்துகொள்கிறோம். இவை ஒரு ரசிகரின் சொந்தக் கருத்துகள் மட்டுமே.

முதலாவது, 1987இல் தூர்தர்ஷனில் வந்த ‘மால்குடி டேஸ்’. ஆர்.கே.நாராயணின் கதைகளை, கர்நாடகத்தின் ஆகும்பே என்னும் மழையூரில் படமாக்கினார் சங்கர் நாக். அண்ணன் எழுதிய கதைகளுக்குத் தம்பி ஆர்.கே.லக்ஷ்மண் ஓவியம் வரைந்தார். ‘ஏழாவது மனிதன்’ படத்துக்கு இசையமைத்த எல்.வைத்தியநாதனே இதற்கும் இசை. அப்போது நமக்கு ஒன்பது வயது. இந்தி ஒரு சொல்லும் தெரியாது. ஆயினும் சுவாமி என்னும் அச்சிறுவன் எதற்காகப் பயப்படுகிறான், எதற்காக மகிழ்கிறான் என்பது விளங்காமல் போகவில்லை. பெரிய வில்லன்கள் இல்லாத ஊர் அது. அங்கே சிறிய இழப்பும் இழப்பே. சிறிய ஆசையும் ஆசையே. பின்னாளில் கிளையில் அமர்ந்து, ஐந்நூறு ரூபாய் கணக்கில் குறைகிறது என்று கலங்கி நின்ற மூதாட்டியைக் கண்டபோது, மால்குடிதான் நினைவுக்கு வந்தது.

இரண்டாவது, 1988இல் வெளிவந்த ‘வாக்லே கி துனியா’. ஆர்.கே.லக்ஷ்மண் படைத்த பாத்திரங்களைக் கொண்டு குந்தன் ஷா இயக்கிய தொடர். மாதச் சம்பளத்தில் குடும்பம் நடத்தும் எளிய மனிதர் வாக்லேயாக அஞ்சன் ஸ்ரீவாஸ்தவும், அவருடைய மனைவியாகப் பாரதி ஆச்ரேக்கரும் நடித்தனர். 2021இல் அத்தொடர் புதிய வடிவில் மீண்டும் வந்தபோது, அதே இருவர் முதியவர்களாகத் தோன்றினர். அவர்களைக் கண்டதும் நெடுநாள் வாடிக்கையாளர் ஒருவர் நரைத்த தலையுடன் கிளைக்குள் நுழைந்தாற்போல் இருந்தது. மாதக் கடைசியில் கை சுருங்குவதையும் மானத்தோடு வாழ்வதையும் அழுகை இல்லாமல் சொல்லியது அத்தொடர். இன்றைய தொடர்களில் நாம் தேடிக் காணாதது அந்த அடக்கமே.

மூன்றாவதைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்லவேண்டும். 2020 அக்டோபரில் சோனி லிவ் தளத்தில் வந்த ‘ஸ்கேம் 1992’. பத்திரிகையாளர்கள் சுசேதா தலால், தேபாஷிஸ் பாசு ஆகியோர் எழுதிய நூலைத் தழுவி ஹன்சல் மேத்தா இயக்கினார். பங்குத் தரகர் ஹர்ஷத் மேத்தாவாகப் பிரதிக் காந்தி நடித்தார். பத்துப் பகுதிகளையும் நான்கே இரவுகளில் பார்த்து முடித்தோம்.

வணிகவியல் படித்த நாள்களில் பாடநூலில் வறட்சியாகக் கடந்துபோன செய்தி, அத்தொடரில் உயிர் பெற்றது. அக்காலத்தில் வங்கிகள் தமக்குள் அரசாங்கக் கடன் பத்திரங்களை வாங்கி விற்கும்போது, பத்திரம் உடனே கைமாறாது. விற்கும் வங்கி, “பத்திரத்தைப் பின்னர் தருகிறோம்” என்று ஒரு ரசீது கொடுக்கும். அதுவே வங்கி ரசீது. பின்னால் பத்திரமே இல்லாத ரசீதுகளும் புழங்கத் தொடங்கின. அவற்றை நம்பி வங்கிகள் கொடுத்த பணம் தரகர் வழியே பங்குச் சந்தைக்குள் பாய்ந்தது. 1992 ஏப்ரலில் சென்செக்ஸ் 4,400 புள்ளிகளைக் கடந்தது. அதே மாதத்தில் சுசேதா தலாலின் செய்தி வெளியாகவே, எல்லாம் சரிந்தது. ரிசர்வ் வங்கி அமைத்த ஜானகிராமன் குழு, சிக்கிய தொகையைச் சுமார் 4,000 கோடி ரூபாய் என்று கணக்கிட்டது.

நடிப்பிலும் இசையிலும் அத்தொடர் முதல் தரம். எனினும் ஒரு மனக்குறை உண்டு. சுவையான வசனங்கள் எல்லாம் துணிந்தவனுக்கே கிடைத்தன. அந்த வங்கிகளில் பணம் போட்டிருந்த எளியவருக்குத் திரையில் போதிய இடம் இல்லை என்பது நம் கருத்து.

இக்கருத்து சும்மா எழுந்ததன்று. அப்போது நாம் மும்பையில், மாட்டுங்காவை அடுத்த கிளையொன்றில் பணியாற்றிக்கொண்டிருந்தோம். முகக்கவசமும் கண்ணாடித் தடுப்புமாகக் கவுண்டர் இயங்கிய நாள்கள். இளைஞர் ஒருவர் வந்து, தம் பெயரிலிருந்த வைப்புத்தொகை முழுவதையும் முதிர்வுக்கு முன்பே முடித்துத் தருமாறு கேட்டார். அது அவருடைய தந்தை ஓய்வுபெற்றபோது வந்த பணத்தில் மகனுக்காகப் போட்டு வைத்தது. காரணம் கேட்டோம். பங்குகள் வாங்கப்போவதாகச் சொன்னார். பேச்சு அத்தொடரின் பக்கம் திரும்பியது. எத்தனை பகுதிகள் பார்த்தீர்கள் என்றோம். “ஐந்து சார்” என்றார்.

மறுக்க நமக்கு உரிமையில்லை; பணம் அவருடையது. வட்டி எவ்வளவு குறையும் என்று கணக்கிட்டுக் காட்டினோம். பின்னர், “தம்பி, படிவம் இங்கேயே இருக்கட்டும். மீதி ஐந்தையும் பார்த்துவிட்டு வாருங்கள், அப்போதும் வேண்டுமென்றால் பத்தே நிமிடத்தில் முடித்துத் தருகிறோம்” என்றோம். சிரித்துக்கொண்டே போனார். அடுத்த வாரம் தந்தையையும் அழைத்துக்கொண்டு வந்தார். தந்தையும் மகனும் பேசி முடிவு செய்தபடி, இரண்டு வைப்புகளில் சிறியதை மட்டும் முடித்துக்கொண்டார். பெரியது அப்படியே நின்றது. பங்குச் சந்தை தீயது என்று நாம் சொல்லவில்லை. அவ்வூழலுக்குப் பின் செபி வலுப்பெற்றது. பங்குகள் மின்னணுக் கணக்குக்கு மாறின. இன்றைய சந்தை அன்றையதன்று. பாதிக் கதையைக் கேட்டு முழுச் சேமிப்பையும் எடுப்பதே தவறு.

அறிவுரை சொன்ன நாம் ஒன்றை ஒப்புக்கொள்ளவும் வேண்டும். பணியில் சேர்ந்த புதிதில், மூத்தவர் ஒருவர் அவசரமாக நீட்டிய வவுச்சரில், இணைத்திருக்கவேண்டிய தாளைக் காணாமலே கையொப்பமிட்டோம். மாலையில் கணக்கு ஒத்துப்போயிற்று, யாருக்கும் நட்டமில்லை. அதனால் மறந்தும்போனோம். பல ஆண்டுகளுக்குப் பின், அத்தொடரில் ஒரு வங்கி அதிகாரி காணாத பத்திரத்துக்குக் கையெழுத்திடும் காட்சியைப் பார்த்த இரவில் தூக்கம் வரவில்லை. அவரும் முதல் நாள் இப்படித்தான் தொடங்கியிருப்பார் என்று தோன்றியது.

ஆகவே, உங்கள் ஆவணத்தை இரண்டாம் முறை கேட்டு வாங்கிப் பார்க்கும் அலுவலரைக் கண்டால் பொறுத்தருளுங்கள். நீங்களும் கையொப்பமிடும் முன் ஒருமுறை முழுவதும் படித்துப் பாருங்கள். நல்ல தொடர் எதுவாயினும் கடைசிப் பகுதி வரை பாருங்கள்.