வாக்கின் விலை

கல்வராயன் மலையடிவாரத்தே, கோமுகி அணையின் அருகே அமைந்தது கச்சிராயபாளையம். அதனைச் சூழ்ந்த சிற்றூர்கள் உள்ளிட்ட கள்ளக்குறிச்சி மாவட்டத்தில், 2021-ஆம் ஆண்டு அக்டோபர் 6, 9 ஆகிய தேதிகளில் ஊராட்சித் தேர்தல் நடைபெற்றது. ஊராட்சித் தலைவர் தேர்தலில் கட்சிச் சின்னங்கட்கு இடமில்லை. ஊரார் தம்முள் தக்காரைத் தாமே தெரிந்தெடுக்க வேண்டுமென்பது அதன் கருத்து. ஆயினும் தமிழ்நாட்டுக் கிராமங்கள் பலவற்றில், கட்சிக்கு இல்லாத அவ்விடத்தைப் பணம் பற்றிக்கொண்டமை நாம் அறியாததன்று. அதன் இயல்பை ஈண்டுச் சிறிது ஆராய்வாம்.

வாக்கோ இரகசியமானது. பணம் பெற்றவர் எவர்க்கு வாக்களித்தார் என்பதை அபேட்சகர் அறிய வழியில்லை. அங்ஙனமாகவும் அவர் பணத்தை இறைப்பானேன்? சிற்றூரில் வெற்றியுந் தோல்வியும் சில வாக்குகளிலேயே அடங்கிக் கிடத்தல் ஒரு காரணம். கை நீட்டி வாங்கியபின் மாறுதல் பாவமென்று அஞ்சும் எளியோரின் நேர்மை மற்றொரு காரணம். அந்தோ! ஏழையின் நாணயமே அவனைப் பிணிக்குங் கயிறாகின்றது.

இனி ஒரு கணக்குப் பார்ப்போம். 1,500 வாக்காளர் உள்ள ஓர் ஊரில் ஒருவர் தலைக்கு 500 ரூபாய் கொடுப்பதாகக் கொள்வோம். செலவு 7,50,000 ரூபாய். ஊராட்சித் தலைவரின் மதிப்பூதியம் 2022-ஆம் ஆண்டில் மாதம் 2,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. அவ்வீதம் ஐந்தாண்டிற்குச் சேர்வது 1,20,000 ரூபாயே. எஞ்சிய 6,30,000 ரூபாயை அவர் எங்கே தேடுவார்? தெருவிளக்கிலும் குடிநீர்க் குழாயிலும் சாலையிலுமன்றோ? வாங்கியவர் பெற்றதோ, 1,825 நாள்களுக்கு வகுத்தால், நாளொன்றிற்கு 27 காசு!

வாக்கிற்குப் பணங் கொடுத்தலும் வாங்குதலும் ஒருங்கே குற்றமாம். ஓராண்டு வரை சிறைத்தண்டனைக்கும் இடமுண்டு. எனினும், சட்டத் தண்டனையினும் பெரிய இழப்பொன்று உண்டு. கிராம சபையில் வரவு செலவுக் கணக்குப் படிக்கப்படும்போது, எழுந்து வினவும் உரிமை வாங்கியவர்க்குச் சட்டத்தில் உண்டு, நாவில் இல்லை. ‘உன் பங்கை அன்றே வாங்கினாயே’ என்னுஞ் சொல்லுக்கு அவரிடம் விடை ஏது?

கணக்குக் கேட்டல் நம் நாட்டிற்குப் புதிதன்று. உத்திரமேரூரில் முதற் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 921-இல் பொறிக்கப்பட்ட கல்வெட்டு, குடவோலை முறையை விரித்துரைக்கின்றது. முன்பு வாரியத்திலிருந்து கணக்குக் காட்டாதாரும் அவர்தம் நெருங்கிய சுற்றத்தாரும் மீண்டும் அப்பதவிக்குத் தகார் என்பது அதன் விதி. அச்சபை நிலமுடைய அந்தணர்க்கே உரியதாயிருந்தது. இன்றோ பதினெட்டு வயது நிரம்பிய ஆடவர் பெண்டிர் அனைவர்க்கும் அவ்வுரிமை வந்துள்ளது. பெற்றற்கரிய அதனை 27 காசிற்கு விற்றல் தகுமோ?

மாணவ நண்பர்காள்! வறியோரைப் பழித்தலால் பயனில்லை. விடுமுறையில் ஊர் செல்லுங்கால் கிராம சபையிற் சென்றமருங்கள். ஆங்குப் படிக்கப்படுங் கணக்கை எழுதப் படிக்கத் தெரியாத பெரியோர்க்கு விளங்கச் சொல்லுங்கள். கணக்குக் கேட்கும் ஊரில் போட்ட பணத்தை எடுத்தல் அரிது. எடுத்தற்கரிய இடத்தில் எவரும் பணம் போடார்.