டாக்ரோலிமஸ் உயிரணுவுக்குள் என்ன செய்கிறது?

மாற்றுச் சிறுநீரகம் பெற்றோருக்கும் அவர்களைப் பேணும் குடும்பத்தினருக்கும் இயல்பாக எழக்கூடிய ஐயம் ஒன்று உண்டு. டாக்ரோலிமஸ் கால்சியம் தரும் செய்தியைத் தடுக்கும் மருந்து என்றால், எலும்புக்காகத் தரப்படும் கால்சியம் மாத்திரை அதனை முறித்துவிடாதா? முறிக்காது. காரணத்தை அறிய உயிரணுவுக்குள் சற்று எட்டிப் பார்க்க வேண்டும்.

உடலிலுள்ள கால்சியத்தில் ஏறத்தாழ 99 விழுக்காடு எலும்பிலும் பல்லிலும் தங்கியிருக்கிறது. எஞ்சிய சிறு பங்கின் பணிகளுள் முதன்மையானது செய்தி சொல்வது. உயிரணுவுக்குள் தனித்து உலவும் கால்சியம், வெளியே உள்ளதில் ஏறக்குறைய பத்தாயிரத்தில் ஒரு பங்கே. மிகுதியை இறைத்து வெளியேற்றும் பணியைச் சில புரதங்கள் இடைவிடாது செய்கின்றன. வீடு அமைதியாக இருந்தால்தானே கதவு தட்டும் ஓசை கேட்கும்? அளவு இவ்வளவு தாழ்ந்திருப்பதால்தான், சிறிது கால்சியம் புகுந்தாலும் அது செய்தியாகிறது.

அச்செய்தியை வாங்கிக்கொள்ளும் புரதங்களுள் தலையாயது கால்மோடுலின். 148 அமினோ அமிலங்களாலான சிறிய புரதம் அது. நான்கு கால்சியம் அயனிகளைப் பற்றிக்கொள்ள அதில் இடம் உண்டு. கால்சியம் வந்து அமர்ந்ததும் அதன் உருவம் மாறுகிறது. மறைந்திருந்த ஒட்டும் பரப்புகள் வெளிப்படுகின்றன. அவற்றைக்கொண்டு அது வேறு புரதங்களைப் பற்றி அவற்றைத் தூண்டுகிறது. மனித உடலில் மூன்று மரபணுக்கள் ஒரே கால்மோடுலினை உண்டாக்குகின்றன. இருந்தும் அவற்றுள் ஒன்றில் நேரும் சிறு பிழை ஆபத்தான இதயத்துடிப்புக் கோளாறுக்கு வழிவகுக்கக்கூடும்.

மாற்றுறுப்பு பெற்றோருக்கு முக்கியமானது டி-செல் என்னும் வெள்ளணுவில் நடப்பது. புதிய சிறுநீரகத்தை அயற்பொருள் என்று டி-செல் இனங்கண்டதும் அதனுள் கால்சியம் பெருகுகிறது. கால்சியம் ஏந்திய கால்மோடுலின், கால்சிநியூரின் என்னும் நொதியை எழுப்புகிறது. அந்நொதி, என்ஃபாட் என்ற புரதத்தில் ஒட்டியுள்ள பாஸ்பேட்டை நீக்குகிறது. விடுபட்ட என்ஃபாட் உட்கருவுக்குள் சென்று, இன்டர்லூக்கின்-2 உள்ளிட்டவற்றை உண்டாக்கும் மரபணுக்களை இயக்குகிறது. பிறகென்ன, டி-செல்கள் பல்கிப் பெருகிச் சிறுநீரகத்தைத் தாக்கப் புறப்பட்டுவிடும்.

ஜப்பானின் சுகுபா பகுதி மண்ணில் வாழும் நுண்ணுயிர் ஒன்றிலிருந்து 1984-இல் கண்டறியப்பட்ட டாக்ரோலிமஸ், கால்சிநியூரினைத்தான் மறிக்கிறது. கால்சியம் வரும், கால்மோடுலினும் அதனைப் பற்றும், அதற்கு அடுத்த படியில் செய்தி நின்றுவிடும். ஆகவே கால்சியம் மாத்திரையால் இத்தடை உடையாது. மேலும், விழுங்கும் கால்சியம் நேரே உயிரணுவுக்குள் பாய்வதில்லை. இரத்தத்தில் அதன் அளவைப் பாராதைராய்டு ஹார்மோனும் வைட்டமின் டி-யும் ஆள்கின்றன. ஆனால் மாற்று அறுவைக்குப் பின் சிலருக்கு இரத்தக் கால்சியம் உயர்ந்தே இருப்பதுண்டு. எனவே மருத்துவர் எழுதித் தராத கால்சியம் மாத்திரையைத் தாமாக வாங்கி உண்ண வேண்டாம்.

கால்சிநியூரின் டி-செல்லுக்கு மட்டும் உரியதன்று. மூளை, கணையம், இரத்தக்குழாய், சிறுநீரகம் யாவற்றிலும் உள்ளது. கைநடுக்கம், சர்க்கரை உயர்வு, இரத்த அழுத்தம் ஆகியன இம்மருந்தால் நேர்வதற்கு இதுவும் ஒரு காரணம். அளவு மிகுந்தால், காக்க வேண்டிய சிறுநீரகத்தையே அது வருத்தும். குறைந்தாலோ உறுப்பு நிராகரிக்கப்படும். இவ்விரண்டுக்கும் இடையிலுள்ள பாதை மிகக் குறுகியது. பம்பளிமாஸ், கிரேப் ஃபுரூட் ஆகிய பழங்களும், கிளாரித்ரோமைசின், ஃபுளூகோனசோல் போன்ற மருந்துகளும் இரத்தத்தில் டாக்ரோலிமஸின் அளவை உயர்த்திவிடும். காசநோய்க்கான ரிஃபாம்பிசின் வெகுவாகத் தாழ்த்திவிடும். வேறு எந்த மருத்துவரிடம் சென்றாலும் இம்மருந்தின் பெயரை முதலில் சொல்லுங்கள்.

மருந்தளவுப் பரிசோதனைக்கு வரும் நாளில் காலை வேளை மாத்திரையைக் கையோடு கொண்டுவாருங்கள். இரத்தம் எடுத்த பிறகே விழுங்குங்கள். மறதியாக முன்னரே விழுங்கியிருந்தால் ஆய்வகத்தில் தவறாமல் தெரிவியுங்கள். இல்லையேல் உயர்ந்து தோன்றும் அளவைக் கண்டு, தேவையின்றி மருந்து குறைக்கப்படக்கூடும்.