கிராபிக்ஸ் கார்டுக்குத் தண்ணீர்: அன்றும் இன்றும்

1977ஆம் ஆண்டு பான்டியாக் பானவில் காரின் ஹீட்டர் கோர். 2000களின் தொடக்கத்தில், அமெரிக்காவில் கணினிக்குத் தண்ணீர் ஓட்டிப் பார்த்தவர்கள் தேடி அலைந்த பொருள்களில் இதுவும் ஒன்று. குளிர்காலத்தில் எஞ்சின் சூட்டைக் காருக்குள் கொண்டுவர டேஷ்போர்டுக்குப் பின்னால் வைத்திருக்கும் குட்டி ரேடியேட்டர் அது. பிந்தைய கார்களில் அலுமினியம் வந்துவிட்டது. பழைய கார்களில்தான் பித்தளையும் செம்பும். காயலான் கடையிலோ உதிரிபாகக் கடையிலோ ஒன்றை வாங்கி, முனைகளை அறுத்து, ஹோஸ் மாட்டத் தோதாகப் பற்றவைத்து, ஃபேனுக்கும் அதற்கும் நடுவே தகட்டில் ஒரு கூடு செய்து கேபினெட்டுக்கு வெளியே கட்டிவைப்பார்கள். கணினிக்கென்றே செய்த ரேடியேட்டர்கள் அப்போதும் விற்றன. காரின் உதிரிபாகம் மலிவு, வேலையும் கெட்டி.

பம்ப் மீன்தொட்டிக்கானது. ஜெர்மனியின் எய்ஹைம் பம்புகளுக்கு அந்த வட்டாரத்தில் நல்ல பெயர். அது நேராகச் சுவர் பிளக்கில் ஓடும். கணினியைப் போட்டுவிட்டுப் பம்பைப் போட மறந்தால் சிப்பின் கதி என்ன என்ற பயத்திலேயே பலர் ரிலே ஒன்றையும் சேர்த்துக்கொண்டார்கள். சிப்பின் மேல் உட்கார்ந்து அதன் சூட்டைத் தண்ணீருக்கு மாற்றும் வாட்டர் பிளாக்கை மட்டும் டேஞ்சர் டென், ஸ்விஃப்டெக் போன்ற சிறு நிறுவனங்கள் செய்து விற்றன. டேஞ்சர் டென்னின் மேஸ்4 பிளாக்கில், செம்புக் கட்டிக்குள் வளைந்து வளைந்து ஓடும் வாய்க்கால் ஒன்றை வெட்டியிருப்பார்கள். எல்லாம் மாட்டி முடித்ததும், கணினியை எழுப்பாமல் இரவு முழுக்கத் தண்ணீரை மட்டும் ஓடவிட்டு, ஒவ்வொரு இணைப்பிலும் டிஷ்யூ பேப்பரைச் சுற்றி, காலையில் ஈரம் தெரிகிறதா என்று பார்ப்பார்கள். இன்று அதற்கு மீட்டர் வைத்த கைப்பம்ப் வந்துவிட்டது. தண்ணீர் சுற்றிவரும் பாதையான லூப்புக்குள் காற்றை ஏற்றி, முள் இறங்காமல் நின்றால் தண்ணீர் ஊற்றலாம்.

இத்தனை பாடும் வேகத்துக்காக. 2006 நவம்பரில் வந்த ஜீஃபோர்ஸ் 8800 ஜிடிஎக்ஸ் கார்டை எடுத்துக்கொள்வோம். கோர் வேகம் 575 மெகாஹெர்ட்ஸ். தின்றது 150 வாட் அளவில். அந்தக் காலத்துச் சிப்புகளுக்குள் தயாரிப்பாளர் தொடாமல் விட்டுவைத்த வேகம் நிறைய இருந்தது. குளிர்ச்சியும் கொஞ்சம் கூடுதல் மின்னழுத்தமும் கொடுத்தால் அது கைக்கு வந்தது. பிளாக்கும் எளிமையானது. ஸ்விஃப்டெக்கின் எம்சிடபிள்யூ60 போன்றவை சிப்பின் மீது மட்டும் உட்காரும். மெமரிக்குத் தனியாகச் சிறு உலோகத் துண்டுகளை ஒட்டிக்கொள்ள வேண்டும். கார்டு மாறினாலும் பிளாக் கூடவே வந்தது.

இந்தக் கணக்கை மாற்றியது, 2012இல் ஜிடிஎக்ஸ் 680 உடன் வந்த ஜிபியு பூஸ்ட். வெப்பம், மின்சாரம், மின்னழுத்தம் மூன்றையும் பார்த்துக் கார்டே தன் வேகத்தை ஏற்றி இறக்கிக்கொள்ள ஆரம்பித்தது. சிப்பில் ஒளிந்திருந்த வேகத்தைப் பெட்டியைப் பிரிக்கும் முன்பே தயாரிப்பாளர் பிழிந்து எடுத்துவிடுகிறார். மின்னழுத்தத்துக்கும் பூட்டு. இன்று தண்ணீர் ஊற்றினால் கிடைக்கும் கூடுதல் வேகம் ஒரு சில சதவீதம். விளையாடும்போது கண்ணுக்குத் தெரியாது.

ஆனால் சூடு ஏறிக்கொண்டே போனது. 2017இன் 1080 டிஐ 250 வாட். 2020இன் 3090 கார்டு 350. 2022இன் 4090 கார்டு 450. 2025 ஜனவரியில் வந்த 5090 கார்டு 575. காற்றாலேயே இதைச் சமாளிக்கிறார்கள். ஆனால் பல கார்டுகள் மூன்றரை, நான்கு ஸ்லாட்டை அடைத்துக்கொண்டு, அடியில் முட்டுக் கொடுத்தால்தான் தொங்காமல் நிற்கும் எடைக்கு வந்துவிட்டன. தண்ணீர் இன்று தருவது அமைதியும் இடமும். வேகத்துக்காக வாங்குகிறேன் என்பவரிடம் வேண்டாம் என்றுதான் சொல்வேன். இரவில் அதே அறையில் பிள்ளை தூங்குகிறது, மைக்கில் ஃபேன் இரைச்சல் விழுகிறது, சின்ன கேபினெட்டில் பெரிய கார்டு வேண்டும் என்பவருக்கு அது செலவழிக்கத் தக்கது.

தேர்வு செய்யும்போது முதல் கேள்வி பிளாக்கைப் பற்றியது. 3090 கார்டில் மெமரி சிப்புகள் 24. அவற்றில் பாதி போர்டின் முதுகுப் பக்கம். சுட்டுப் பொசுக்கும் அந்த மெமரிக்காகப் பின்பக்கமும் தண்ணீர் ஓடும் பிளாக்குகள் வந்தன. சிப், மெமரி, மின்சுற்று எல்லாவற்றையும் மூடும் முழு பிளாக்தான் இப்போது வழக்கம். அதில் ஒரு சிக்கல் உண்டு. போர்டில் ஒவ்வொரு பாகமும் எங்கே இருக்கிறது என்று பார்த்து மில்லிமீட்டர் சுத்தமாகக் கடைந்தது அது; அதே 5090 பெயரில் வேறொரு நிறுவனம் விற்கும் கார்டில் உட்காராது. அடுத்த தலைமுறைக்கும் ஆகாது. ஆகவே, எந்தக் கார்டுக்கு பிளாக் கிடைக்கிறது என்று அல்ஃபாகூல், வாட்டர்கூல், பிக்ஸ்கி போன்றோரின் பட்டியலில் பார்த்துவிட்டு, பிறகு கார்டை வாங்குவதே முறை. என்விடியாவே விற்கும் 5090 ஃபவுண்டர்ஸ் எடிஷனில் சிப்பின் மேல் திரவ உலோகம் தடவியிருக்கிறார்கள். மின்சாரத்தைக் கடத்தும் பொருள் அது. இரண்டு லட்சம் ரூபாயைத் தாண்டிய கார்டை முதல்முறை பிரிப்பவர் அதில் கைவைக்க வேண்டாம்.

பிரிக்கவே வேண்டாம் என்றால், தொழிற்சாலையிலேயே பம்பும் ரேடியேட்டரும் கோத்து வரும் கார்டுகள் இருக்கின்றன. 2014இல் ஏஎம்டி கொண்டுவந்த ஆர்9 295 எக்ஸ்2, இரண்டு சிப்பும் 500 வாட்டும் கொண்ட கார்டு. அதற்கு ஒரே ஒரு 120 மி.மீ. ரேடியேட்டர். இன்று எம்எஸ்ஐ தன் 5090 சுப்ரிம் லிக்விடுக்கு 360 மி.மீ. கொடுக்கிறது. வாரண்டிக் கவலை இல்லாமல் மாட்டி ஓட்ட நினைப்பவருக்கு இதுவே சரி. உள்ளே இருக்கும் தண்ணீர் ஆண்டுகள் போகப்போக டியூபின் வழியே மெல்லக் குறையும், பெரும்பாலும் திரும்ப நிரப்ப வழியிருக்காது, பம்ப் போனால் கார்டே படுத்துவிடும் என்பதைத் தெரிந்துகொண்டு வாங்க வேண்டும்.

சொந்தமாக லூப் கட்டுபவர்கள் பணத்தை எங்கே போடுகிறார்கள் என்று பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கிறது. கண்ணாடிபோல் வளைத்த கெட்டி டியூப், வண்ண விளக்கு, பால்போன்ற நிறத் திரவம். ரேடியேட்டருக்கு மட்டும் சிக்கனம். கணக்கு இதுதான்: நிமிடத்துக்கு 3.8 லிட்டர் ஓடும் தண்ணீர் 575 வாட்டை வாங்கிக்கொண்டால் இரண்டு டிகிரிக்குச் சற்று மேல்தான் சூடேறும். அதனால் பம்ப் முதலா, பிளாக் முதலா, எந்த வரிசையில் டியூபை விடுவது என்ற கவலை தேவையில்லை. பம்புக்கு மேலே தண்ணீர்த்தொட்டி இருந்தால் போதும். அந்தச் சூட்டைக் காற்றுக்குத் தள்ளும் பரப்புதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. 5090 கார்டுக்கும் ஒரு பெரிய பிராசஸருக்கும் சேர்த்து இரண்டு 360 மி.மீ. ரேடியேட்டருக்குக் குறைந்தால் ஃபேன்கள் இரையத் தொடங்கும். இரைச்சலுக்காகத்தானே தண்ணீருக்கே வந்தோம்.

மலிவு விலை ரேடியேட்டர்கள் சில அலுமினியத்தில் வருகின்றன. செம்பு பிளாக்குடன் ஒரே லூப்பில் அதைச் சேர்த்தால் அலுமினியம் அரித்துப் போகும். டியூபில் கறுப்பு ஈபிடிஎம் ரப்பரைச் சொல்வேன். அழகில்லை, ஆனால் நிறமற்ற பிளாஸ்டிக் டியூபிலிருந்து கசிந்து பிளாக்கின் நுண்வாய்க்காலை அடைக்கும் பசை அதில் வராது. வீட்டு ஆர்ஓ தண்ணீரில் உப்பு இன்னும் மிச்சம் இருக்கும். டிஸ்டில்டு வாட்டரும் பாசியையும் அரிப்பையும் தடுக்கும் மருந்தும், அல்லது தயாராகக் கலந்த நிறமற்ற கூலன்ட்.

நம் ஊர்க்காரர் இன்னொன்றையும் யோசிக்க வேண்டும். தண்ணீர் சூட்டை அழிப்பதில்லை, அறைக்குள் கொண்டுபோய்க் கொட்டுகிறது. கார்டும் பிராசஸரும் சேர்ந்து 800 வாட் என்றால், 3,500 வாட் சூட்டை வெளியேற்றும் ஒரு டன் ஏசியின் திறனில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் கணினிக்கே போய்விடும். ஜெர்மனியின் வாட்டர்கூல் விற்கும் மோ-ரா போன்ற வெளி ரேடியேட்டரை, சுவரில் துளையிட்டு, ஏசி இல்லாத கூடத்தில் வைக்கலாம். மே மாதம் அங்கே 36 டிகிரி இருந்தாலும் தண்ணீர் 45ஐ ஒட்டி நிற்கும், சிப் அதைவிட இருபது டிகிரி சொச்சம் மேலே. கார்டுக்கு அது சாதாரணச் சூடு. துளை போடும் முன் டியூபின் நீளத்தை அளந்துகொண்டு, இரு பக்கமும் சொட்டாமல் கழற்ற வசதியாகக் குயிக் டிஸ்கனெக்ட் வாங்கிவிடுங்கள்.