கடவுள் பணம், சாப்பாட்டுக்கு மட்டும்

கடவுளுக்கென ஒதுக்கிய பணத்தை ஒதுக்கியவரே செலவழிக்கலாம். ஆனால் சாப்பாட்டுக்குத்தான், அதுவும் ஜெருசலேமில்தான். யூதச் சட்டத்தின் இந்த விசித்திர ஏற்பாட்டுக்குப் பெயர் மாசேர் ஷேனி: இரண்டாம் தசமபாகம்.

ஏழாண்டுச் சுழற்சியில் 1, 2, 4, 5ஆம் ஆண்டுகளின் விளைச்சலிலிருந்து இதை ஒதுக்க வேண்டும். 3, 6ஆம் ஆண்டுகளில் அந்தப் பங்கு ஏழைகளுக்கு. தானியத்தைச் சுமந்து வர முடியாத தொலைவிலிருப்பவர் அதைக் காசாக்கிக் கொண்டுவரலாம் என்கிறது உபாகமம். சொந்த விளைச்சலை மீட்பவர் ஐந்தில் ஒரு பங்கு கூடுதலாகச் சேர்க்க வேண்டும். பிறகு குடும்பத்தோடும், நிலமற்ற லேவியரோடும் மகிழ்ந்து உண்ண வேண்டும்.

இந்தக் காசில் நிலமோ அடிமையோ வாங்கக் கூடாது. வாங்கிவிட்டால்? அதே மதிப்புக்கு ஜெருசலேமில் சாப்பிட்டுக் கணக்கை நேர்செய்ய வேண்டும் என்பது கி.பி. 200 வாக்கில் தொகுக்கப்பட்ட மிஷ்னாவின் தீர்ப்பு. நகரின் மாட்டு வியாபாரிகள் முன் கண்டெடுத்த காசு எந்நாளும் தசமபாகக் காசாகவே கருதப்பட்டது.

கி.பி. 70இல் ரோமானியர்கள் ஆலயத்தை அழித்ததோடு விருந்து நின்றது. சட்டம் நிற்கவில்லை. இஸ்ரேலில் ஆசாரமான யூதர்கள் இன்றும் அந்தப் பங்கின் புனிதத்தை ஒரு சிறு நாணயத்துக்கு மாற்றிய பிறகே விளைச்சலை உண்கிறார்கள். அந்த நாணயத்தால் எதையும் வாங்க அனுமதியில்லை. யாரும் பயன்படுத்திவிடாதபடி கடைசியில் அது அழிக்கப்படுகிறது.