பாலுக்குள் இரண்டு ஸ்பூன் சர்க்கரை

ஒரு டம்ளர் பசும்பாலில், அதாவது 200 மில்லியில், ஏறக்குறைய 9 முதல் 10 கிராம் சர்க்கரை இருக்கிறது. நாம் போடுவதற்கு முன்பே, மாட்டின் மடியிலேயே உருவாகி வரும் சர்க்கரை அது. ஸ்பூன் கணக்கில் சொன்னால் இரண்டு ஸ்பூன். அதே அளவு கடைச் சர்க்கரையை ஒரு டம்ளர் தண்ணீரில் கரைத்துக் குடித்துப் பாருங்கள், நன்றாகத் தித்திக்கும். பாலோ லேசாக இனித்ததா இல்லையா என்று யோசிக்க வைக்கும்.

அரிசியும் கிழங்கும் வேகும்போது அவற்றின் மாவுச்சத்துக்கு என்ன ஆகிறது என்று சென்ற வாரம் பார்த்தோம். மாவுச்சத்தும் பால் சர்க்கரையும் கடைச் சர்க்கரையும் ஒரே கார்போஹைட்ரேட் குடும்பம். பிறகு ஒன்று தித்திக்க, ஒன்று சப்பென்று இருப்பது ஏன்?

இனிப்பை அளக்கக் கருவி கிடையாது. பயிற்சி பெற்ற மனிதர்கள் சுவைத்துச் சொல்வதுதான் அளவு. கடைச் சர்க்கரையான சுக்ரோஸை 100 என்று வைத்துக்கொண்டு மற்றவற்றுக்கு எண் கொடுக்கிறார்கள். குளுக்கோஸுக்கு 70 வாக்கில். பழத்திலும் தேனிலும் இருக்கும் ஃபிரக்டோஸுக்கு 120-லிருந்து 170 வரை. முளைகட்டிய தானியத்தில் உருவாகும் மால்டோஸுக்கு 30, 40. பாலில் உள்ள லாக்டோஸுக்கு 20 கிடைப்பதே அரிது. கரைசலின் அடர்த்தியையும் சூட்டையும் பொறுத்து இந்த எண்கள் முன்னே பின்னே நகரும்.

குளுக்கோஸ், ஃபிரக்டோஸ் இரண்டிலும் இருப்பவை அதே 6 கார்பன், 12 ஹைட்ரஜன், 6 ஆக்ஸிஜன் அணுக்கள். பால் சர்க்கரையில் பாதியாக இருக்கும் காலக்டோஸுக்கும் அதே கணக்குதான். அணுக்கள் எப்படி இணைந்திருக்கின்றன, எந்தத் திசையில் நிற்கின்றன என்பதில்தான் வேறுபாடு. அன்றைய எந்த நுண்ணோக்கியிலும் தெரியாத இந்தத் திசைகளைச் சோதனைகளையும் தர்க்கத்தையும் மட்டுமே கொண்டு கண்டுபிடித்தவர் ஜெர்மானிய வேதியியலாளர் எமில் ஃபிஷர். 1902-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. வேதியியல் வரலாற்றில் இதைவிட அழகான துப்பறிதல் வேறு இல்லை என்பது என் எண்ணம்.

வடிவத்துக்கும் இனிப்புக்கும் என்ன தொடர்பு? 1967-இல் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ராபர்ட் ஷாலன்பெர்கரும் டெரி ஏக்ரியும் ஒரு விளக்கம் கொடுத்தார்கள். ஒரு மூலக்கூறு இனிக்க வேண்டுமானால், ஹைட்ரஜன் பிணைப்பைக் கொடுக்கும் இடம் ஒன்றும் வாங்கும் இடம் ஒன்றும் அதில் குறிப்பிட்ட இடைவெளியில் அமைந்திருக்க வேண்டும் என்றார்கள். அந்த இடைவெளி சுமார் 3 ஆங்ஸ்ட்ரம், அதாவது ஒரு மில்லிமீட்டரை ஒரு கோடி பங்காக்கினால் வரும் ஒரு பங்கைப் போல மூன்று மடங்கு. குளுக்கோஸையும் காலக்டோஸையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒரே ஒரு வித்தியாசம்தான் உண்டு. நான்காவது கார்பனில் இருக்கும் ஹைட்ராக்சில் (OH) தொகுதி குளுக்கோஸில் பக்கவாட்டில் நீண்டிருக்கிறது, காலக்டோஸில் செங்குத்தாக நிற்கிறது. செங்குத்தாக நிற்பது தன் வளையத்திலேயே உள்ள ஆக்ஸிஜனோடு பிணைந்துகொள்வதால், நாக்கோடு பிணைய அது தாராளமாகக் கிடைப்பதில்லை. காலக்டோஸின் இனிப்பு குறைவுக்கு அவர்கள் சொன்ன காரணம் இதுதான்.

நாக்கில் இனிப்பைப் பிடிக்கும் புரதங்கள் எவை என்பது 2001 வாக்கில்தான் தெரிந்தது. இரண்டு புரதங்கள் ஜோடி சேர்ந்தால்தான் இனிப்பு ஏற்பி உருவாகும். அதில் ஒன்றுக்கான மரபணு பூனையிடம் பழுதாகிக் கிடக்கிறது. பால் குடிக்க வரும் பூனைக்குப் பாலின் இனிப்பே தெரியாது.

எனக்குத் தீராத வியப்பைத் தருவது இரண்டு குளுக்கோஸ்கள் இணையும் விதம். ஒரு விதமாக இணைந்தால் மால்டோஸ், மிதமாக இனிக்கும். அதே இரண்டு கார்பன்கள் வழியாகவே, இணைப்பின் திசையை மட்டும் மாற்றி இணைந்தால் செல்லோபயோஸ், அதில் இனிப்பு அநேகமாக இல்லை. அதே திசையில் வேறொரு கார்பன் வழியாக இணைந்தால் ஜென்ஷியோபயோஸ். அது கசக்கும்! சர்க்கரையும் சர்க்கரையும் சேர்ந்து கசப்பு. மால்டோஸ் இணைப்பு ஆயிரக்கணக்கில் நீண்டால் அது சோறு. செல்லோபயோஸ் இணைப்பு நீண்டால் பஞ்சு. முன்னதை நம் எச்சிலே உடைக்கத் தொடங்கும், பின்னதை உடைக்க நம் உடம்பில் நொதியே கிடையாது.

சூட்டுக்கும் இதில் பங்கு உண்டு. ஃபிரக்டோஸின் ஆறு அணு வளையம்தான் அதிகம் இனிப்பது. சூடான நீரில் அதில் ஒரு பகுதி ஐந்து அணு வளையமாக மாறிவிடும், அதற்கு இனிப்பு குறைவு. ஜில்லென்ற பழச்சாற்றில் சர்க்கரையை மிஞ்சும் ஃபிரக்டோஸ், 60 டிகிரி காபியில் சர்க்கரைக்குப் பின்தங்கிவிடுகிறது.

இணைப்பை உடைத்தாலும் சுவை மாறும். லாக்டோஸ் செரிக்காதவர்களுக்காக விற்கும் பாலில் லாக்டேஸ் என்ற நொதியைச் சேர்த்து, லாக்டோஸைக் குளுக்கோஸாகவும் காலக்டோஸாகவும் பிரித்துவிடுகிறார்கள். ஒரு துளி சர்க்கரை கூடுதலாகச் சேர்க்காமலேயே அந்தப் பால் சாதாரணப் பாலைவிட இனிக்கும். சர்க்கரைவள்ளிக் கிழங்கை நிதானமான சூட்டில் வேகவைத்தால் தித்திப்பு கூடுவதும் இப்படித்தான்: கிழங்கில் உள்ள நொதி மாவுச்சத்தை மால்டோஸாக வெட்டிக்கொண்டே போகிறது. பதநீரில் கதை வேறு. அதில் இருப்பது பெரும்பாலும் சுக்ரோஸ். அது உடைந்து போனால் கருப்பட்டி இறுகி வராது. பனையேறிகள் கலயத்தில் சுண்ணாம்பு தடவுவது பதநீர் புளிக்காமல் காப்பதோடு, அந்தச் சுக்ரோஸையும் உடையாமல் காக்கிறது.

இதையெல்லாம் இவ்வளவு விரிவாகச் சொல்ல ஒரு காரணம் உண்டு. இனிக்கவில்லை என்றால் சர்க்கரை இல்லை என்று நம்புகிறவர்கள் நம்மில் நிறையப் பேர், நீரிழிவு உள்ளவர்களும்கூட. மாவுச்சத்தை ஓரளவு உடைத்துச் செய்யும் மால்டோடெக்ஸ்ட்ரின் என்ற பவுடர் பல ஊட்டச்சத்து பானங்களில் சேர்கிறது. நாக்குக்கு அது கிட்டத்தட்டச் சுவையற்றது. குடலில் மளமளவென்று குளுக்கோஸாகி, நேரடியாகக் குளுக்கோஸ் குடித்ததைப் போலவே ரத்தத்தில் சர்க்கரையை ஏற்றும். அதன் நீண்ட சங்கிலிகள் டப்பாவில் அச்சிட்டிருக்கும் சத்துப் பட்டியலின் 'சர்க்கரை' வரியில் சேராது, 'கார்போஹைட்ரேட்' வரியில் மட்டும் சேரும். அடுத்த முறை டப்பாவைக் கையில் எடுக்கும்போது சர்க்கரை வரியோடு நிறுத்திவிடாமல், மொத்தக் கார்போஹைட்ரேட் எத்தனை கிராம் என்பதையும் சேர்த்துப் படியுங்கள்.

(தொடரும்)