பழைய காரும் புகைச் சோதனையும்

கொல்கத்தாவை அடுத்த உத்தர்பாராவில் 2014 வரை தயாரான அம்பாசடர் கார், இன்றும் சில வீடுகளில் ஓடிக்கொண்டிருக்கிறது. ஆறு மாதத்திற்கொரு முறை அது புகைச் சோதனையில் தேறவேண்டும். தேர்வுக்கு முன் நாம் படும் கவலையே அவ்வீட்டாருக்கும்!

கார்புரேட்டர் உள்ள பழைய பெட்ரோல் காரை நின்ற இடத்திலேயே மெதுவாக ஓடவிட்டுச் சோதிப்பார்கள். புகையில் கார்பன் மோனாக்சைடு 3 சதவீதத்துக்கும், எரியாத ஹைட்ரோகார்பன் பத்து லட்சத்தில் 1500 பங்குக்கும் மேற்படலாகாது.

ஒரு கிலோ பெட்ரோல் முழுதும் எரிய ஏறத்தாழ 15 கிலோ காற்று வேண்டும். காற்று வடிகட்டியில் தூசி அடைத்தால் காற்று குறையும். கார்பன் மோனாக்சைடு பெருகும். ஸ்பார்க் பிளக்கில் கரி படிந்து பொறி தவறினால், பெட்ரோல் எரியாமலே வெளியேறும், ஹைட்ரோகார்பன் ஏறும்.

ஆகவே முதலில் இவ்விரண்டையும் துப்புரவு செய்யவேண்டும். பின்பு என்ஜினை நன்கு சூடேற்றி, மெக்கானிக்கைக் கொண்டு கார்புரேட்டரின் கலவைத் திருகைச் சரிசெய்ய வேண்டும். மூடிய ஷெட்டுக்குள் மட்டும் என்ஜினை ஓடவிடக் கூடாது.

“வண்டியைக் காட்டாமலே சான்றிதழ் வாங்கிவிடலாமே!” என்பாரும் உண்டு. கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. இரத்தத்தில் பிராணவாயுவுக்குரிய இடத்தை அது பறித்துக்கொள்ளும். பள்ளி வாசலில் ஓடியபடி நிற்கும் காரின் பின்னால் நிற்பவர்கள் நாம்தானே! சான்றிதழ் கிடைத்தால் மட்டும் போதாது; கார் உண்மையாகவே தேற வேண்டும்.